போருக்குப் பிறகு ஒரு நாடு எழுவது எப்படி? கம்போடியாவை முன்வைத்து ஒரு விளக்கம்



‘போரால் சிதைந்த ஒரு நாட்டை அமைதி வழியில் மீட்டெடுக்கும் வழிகள்’. கருத்து விளக்கக் கட்டுரைக்கு இப்படி ஒரு தலைப்பு வந்தால் என்ன எழுதுவீர்கள்? பெரும்பாலான தாள்களில் வருவது இதுதான். முதல் கருத்து, பேச்சுவார்த்தை நடத்த வேண்டும். இரண்டாவது, உலக நாடுகள் உதவ வேண்டும். மூன்றாவது, மக்கள் ஒற்றுமையாக வாழ வேண்டும். முடிவுரையில், போர் கொடியது, அமைதி இனியது. அவ்வளவுதான், எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடலாம்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால், இதைப் படிக்கிற ஆசிரியருக்கு எந்த நாடும் கண்முன் வராது. யார் யாரோடு பேசினார்கள்? உதவி என்று வந்தது பணமா, அரிசியா, ஆளா? நேற்று வரை சுட்டுக்கொண்டவர்கள் இன்று எப்படிப் பக்கத்து வீட்டில் குடியிருக்க முடியும்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இருந்தால்தான் கருத்து கருத்தாகும். இல்லையென்றால் அது வெறும் வாசகம்.

அதனால் இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம். ரொம்ப தூரம் போக வேண்டாம். நம் ஆசியான் குடும்பத்தில் ஒருவரான கம்போடியாவையே பார்க்கலாம்.

என்ன நடந்தது?

1975 ஏப்ரல் 17ஆம் நாள் கெமர் ரூஜ் படையினர் தலைநகர் நோம் பென்னைக் கைப்பற்றினார்கள். அவர்களின் தலைவர் போல் போட். நகர மக்கள் அனைவரும் கிராமங்களுக்கு விரட்டப்பட்டனர். பள்ளிகள் மூடப்பட்டன. பணம் ஒழிக்கப்பட்டது, தேசிய வங்கிக் கட்டடத்தையே வெடி வைத்துத் தகர்த்தார்கள். படித்தவர்கள், அதிகாரிகள், துறவிகள், சிறுபான்மையினர் குறிவைக்கப்பட்டனர். மூன்று ஆண்டு, எட்டு மாதம், இருபது நாள். பட்டினி, நோய், கடும் உழைப்பு, கொலை ஆகியவற்றால் 1.5 முதல் 2 மில்லியன் பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். அப்போது நாட்டின் மொத்த மக்கள்தொகையே ஏறத்தாழ 8 மில்லியன்தான்.

1979 ஜனவரி 7ஆம் நாள் வியட்நாமியப் படை நோம் பென்னுக்குள் நுழைந்து அந்த ஆட்சியை வீழ்த்தியது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கொடுங்கோல் ஆட்சி வீழ்ந்தது ஒரு படையெடுப்பால்தான், பேச்சுவார்த்தையால் அல்ல. இதை மறைத்துவிட்டு எழுதக்கூடாது. ஆனால், படையெடுப்பு ஆட்சியை மாற்றியதே தவிர அமைதியைக் கொண்டுவரவில்லை. அதன் பிறகும் பத்து ஆண்டுகளுக்கு மேல் உள்நாட்டுப் போர் நடந்தது. ஒரு பக்கம் வியட்நாம் ஆதரவு பெற்ற நோம் பென் அரசு. மறுபக்கம் மூன்று எதிர்த்தரப்புகள்: இளவரசர் சிஹானூக்கின் அணி, முன்னாள் பிரதமர் சொன் சானின் அணி, இன்னும் அழியாமல் எல்லைக் காடுகளில் இருந்த கெமர் ரூஜ். சீனாவும் மேற்கு நாடுகளும் ஆசியானும் ஒரு பக்கம் சாய, சோவியத் ஒன்றியமும் வியட்நாமும் மறுபக்கம் நின்றன.

ஆக, நம் கேள்வி இதுதான். ஆயுதத்தால் முடிக்க முடியாத அந்தப் போரை வேறு எந்த வழிகள் முடித்தன?

முதல் வழி: எல்லாத் தரப்பையும் மேசைக்குக் கொண்டுவருதல்

1988 ஜூலையில் இந்தோனேசியாவின் போகோர் நகரில் நான்கு தரப்பும் முதன்முறையாக ஒரே இடத்தில் கூடின. ‘ஜக்கார்த்தா முறைசாராச் சந்திப்பு’ என்று அதற்குப் பெயர். ஏன் ‘முறைசாரா’? முறையான மாநாடு என்று சொன்னால், எதிரியின் அரசை நாம் அங்கீகரித்ததாக ஆகிவிடுமே என்று ஒவ்வொரு தரப்பும் தயங்கும். முறைசாராச் சந்திப்பு என்றால் யாருடைய கௌரவமும் குறையாது. பெயரில்கூட இவ்வளவு யோசனை இருக்கிறது பாருங்கள்.

1989 செப்டம்பரில் வியட்நாம் தன் படைகளை மீட்டுக்கொண்டது. பனிப்போரும் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. பின்னால் நின்று பணமும் ஆயுதமும் கொடுத்த வல்லரசுகள் கையை விரிக்கத் தொடங்கியதும், சண்டை போட்டவர்களுக்கும் பேசுவதைத் தவிர வேறு வழி குறைந்தது. பிரான்சும் இந்தோனேசியாவும் இணைத்தலைமை ஏற்க, 1991 அக்டோபர் 23ஆம் நாள் பாரிஸ் அமைதி உடன்படிக்கை கையெழுத்தானது. கையெழுத்திட்ட நாடுகளில் மலேசியாவும் சிங்கப்பூரும் உண்டு.

இதில் நமக்கு இரண்டு பாடம். ஒன்று, சண்டைக்காரர்கள் மட்டும் பேசினால் போதாது. அவர்களுக்குத் தீனி போடுபவர்களும் நிறுத்த வேண்டும். இரண்டு, வெறுக்கத்தக்க தரப்பாக இருந்தாலும் அதை வெளியே விட்டுவிட்டால், அது காட்டில் இருந்து சுட்டுக்கொண்டே இருக்கும். பல லட்சம் பேரைக் கொன்ற கெமர் ரூஜையும் அதே மேசையில் உட்கார வைத்தது இந்தக் கணக்கில்தான். அது சரியா என்ற கேள்விக்குப் பின்னால் வருவோம்.

இரண்டாவது வழி: நடுநிலையான இடைக்கால நிருவாகமும் தேர்தலும்

ஒப்பந்தம் போட்டாயிற்று. ஆனால், யார் ஆள்வது? எந்தத் தரப்பிடம் கொடுத்தாலும் மற்றவர்கள் ஒப்ப மாட்டார்கள். இதற்காக இரண்டு ஏற்பாடுகள் செய்யப்பட்டன. முதலாவது, நான்கு தரப்பும் அங்கம் வகித்த பன்னிரண்டு பேர் கொண்ட உச்ச தேசிய மன்றம். அதன் தலைவர் சிஹானூக். இரண்டாவது, ஐக்கிய நாடுகளின் இடைக்கால நிருவாகக் குழுவான அன்டாக். ஜப்பானியரான யசுஷி அகாஷி அதற்குத் தலைமை தாங்கினார். படைவீரர், காவலர், அதிகாரிகள் என ஏறத்தாழ 22,000 பேர் 1992 மார்ச் முதல் 1993 செப்டம்பர் வரை பணியாற்றினார்கள். மலேசியப் படைவீரர்களும் சிங்கப்பூர்க் காவல்துறையினரும் அதில் இருந்தார்கள்.

அன்டாக் செய்த ஒரு வேலை எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. அது ஒரு வானொலி நிலையம் நடத்தியது. ‘நான் யாருக்கு ஓட்டுப் போட்டேன்னு தெரிஞ்சா என்னைச் சும்மா விடுவாங்களா?’ என்பதுதான் கிராமத்து மக்களின் பயம். ‘உங்கள் வாக்கு இரகசியமானது, யாராலும் கண்டுபிடிக்க முடியாது’ என்று அந்த வானொலி கெமர் மொழியில் திரும்பத் திரும்பச் சொன்னது. வானொலிப் பெட்டி இல்லாதவர்களுக்குப் பெட்டியும் வழங்கப்பட்டது. 1993 மே மாத இறுதியில் தேர்தல் நடந்தது. கெமர் ரூஜ் புறக்கணித்து மிரட்டியும்கூட, பதிவு செய்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் வரிசையில் நின்று வாக்களித்தார்கள்.

‘உலக நாடுகள் உதவ வேண்டும்’ என்று எழுதும் இடத்தில் இதை எழுதலாம். துப்பாக்கிக்குப் பயந்த மக்களின் பயத்தைப் போக்கியதில் ஒரு வானொலி நிலையத்துக்குப் பங்கு உண்டு. உதவி என்பது பணம் மட்டும் இல்லை.

மூன்றாவது வழி: அகதிகளைக் கௌரவமாக மறுகுடியமர்த்துதல்

தாய்லாந்து எல்லை முகாம்களில் 360,000க்கும் அதிகமான கம்போடியர்கள் இருந்தார்கள். சிலர் பத்து ஆண்டுக்கு மேல் அங்கேயே வாழ்ந்தவர்கள். முகாமிலேயே பிறந்த பிள்ளைகள் நெல் வயலைப் பார்த்ததே கிடையாது. தேர்தலுக்கு முன் இவர்கள் அனைவரும் நாடு திரும்ப வேண்டும்.

குடும்பத்துக்கு இரண்டு ஹெக்டர் நிலம் என்பதுதான் முதல் திட்டம். கேட்க நன்றாக இருந்தது. ஆனால், கண்ணிவெடி இல்லாத நிலம் அவ்வளவு கிடைக்கவில்லை. உடனே திட்டத்தை மாற்றினார்கள். நிலம் வேண்டுவோருக்கு நிலம், வேண்டாதோருக்குப் பணம்: பெரியவருக்கு 50 அமெரிக்க டாலர், சிறுவருக்கு 25 டாலர், அதோடு பல மாதங்களுக்கு அரிசி. பெரும்பான்மையோர் பணத்தையே தேர்ந்தெடுத்து, சொந்தபந்தம் இருக்கும் ஊரைத் தேடிப் போனார்கள்.

அந்தத் தொகை வாழ்க்கையைத் தூக்கி நிறுத்தப் போதுமா? போதாது. ஆனால், ‘நீ இங்கே போ’ என்று ஆணையிடாமல் ‘எங்கே போக விரும்புகிறாய்?’ என்று கேட்டது பெரிய விஷயம். கெமர் ரூஜ் ஆட்சியில் யாருக்கும் இல்லாதது அந்தத் தெரிவுதானே?

நான்காவது வழி: நிலத்தைச் சுத்தம் செய்தல்

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் துப்பாக்கி நின்றுவிடும். மண்ணுக்குள் புதைத்த வெடி நிற்காது. விறகு பொறுக்கப் போன பெண்ணையும் மாடு மேய்க்கப் போன சிறுவனையும் அது இருபது ஆண்டு கழித்தும் கொல்லும். 1979க்குப் பிறகு கண்ணிவெடிகளாலும் வெடிக்காமல் கிடந்த குண்டுகளாலும் கம்போடியாவில் 60,000க்கும் மேற்பட்டோர் இறந்தோ காயமடைந்தோ உள்ளனர். 1996ஆம் ஆண்டில் மட்டும் 4,000க்கும் அதிகமானோர்.

1992இல் கம்போடியக் கண்ணிவெடி அகற்றும் மையம் தொடங்கப்பட்டது. உள்ளூர் மக்களுக்கே பயிற்சி கொடுத்து, அடி அடியாக நிலத்தைத் துழாவி வெடிகளை எடுத்தார்கள். பின்னாளில் எலிகளும் இந்த வேலைக்கு வந்தன! தான்சானியாவில் பயிற்சி பெற்ற ஆப்பிரிக்கப் பெரும்பை எலிகள், வெடிமருந்தின் வாடையை மோப்பம் பிடித்து நிலத்தைப் பிறாண்டிக் காட்டும். உடல் எடை குறைவு என்பதால் வெடி வெடிக்காது. ஒரு டென்னிஸ் திடல் அளவு நிலத்தை அரை மணி நேரத்தில் முடித்துவிடும். ‘மகாவா’ என்ற எலி தன் பணிக்காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வெடிகளைக் கண்டுபிடித்தது; 2020இல் பிரிட்டிஷ் விலங்கு நல அமைப்பொன்றின் தங்கப் பதக்கத்தைப் பெற்றது.

அண்மைய ஆண்டுகளில் பாதிக்கப்படுவோர் எண்ணிக்கை பெரும்பாலும் ஆண்டுக்கு நூறுக்கும் கீழே வந்துவிட்டது. வேலை இன்னும் முடியவில்லை. ஆனால், இன்னொன்று நடந்தது. 2006இல் கம்போடியா தன் கண்ணிவெடி அகற்றும் வீரர்களை ஐக்கிய நாடுகளின் அமைதிப்படையோடு சூடானுக்கு அனுப்பியது. உதவி வாங்கிய நாடு, உதவி செய்யும் நாடானது.

ஐந்தாவது வழி: நெல்லும் பணமும்

சோறு இல்லாத இடத்தில் அமைதி தங்காது. கெமர் ரூஜ் காலத்தில் அந்தந்த வட்டாரத்துக்கு ஏற்ற நாட்டு நெல் வகைகள் பல அழிந்துபோயின. பசித்தவர்கள் விதைநெல்லையே சாப்பிட்டுவிட்டார்கள். நல்லவேளையாக, போருக்கு முன்பே கம்போடிய நெல் வகைகள் 766 சேகரிக்கப்பட்டு, பிலிப்பைன்சில் உள்ள அனைத்துலக நெல் ஆய்வு நிலையத்தின் விதை வங்கியில் பாதுகாக்கப்பட்டிருந்தன. 1980களில் அந்த விதைகள் தாய்மண்ணுக்குத் திரும்பின. ஆஸ்திரேலியாவின் நிதியுதவியோடு ஆய்வாளர்கள் அவற்றைப் பெருக்கி உழவர்களிடம் சேர்த்தார்கள். 1990களின் நடுப்பகுதியில் நாடு தன் தேவைக்குப் போதுமான நெல்லை விளைவித்தது.

பணத்தின் கதையும் இப்படித்தான். 1979இல் பணமே கிடையாது என்பதால் ஆசிரியர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் சம்பளமே அரிசிதான்! 1980 மார்ச்சில் ரியெல் நாணயம் மீண்டும் அச்சிடப்பட்டது. ஆனால், அரசு ஒருமுறை ஒழித்த பணத்தை மக்கள் மறுபடி நம்ப வேண்டுமே. இன்றும் அங்கே ரியெல்லோடு அமெரிக்க டாலரும் சேர்ந்து புழங்குவதற்கு அந்த அவநம்பிக்கை ஒரு காரணம். அன்டாக் காலத்தில் டாலர் பெருமளவில் உள்ளே வந்தது மற்றொரு காரணம். கட்டடத்தைக் கட்டிவிடலாம், நம்பிக்கையைக் கட்டத்தான் காலம் பிடிக்கும்.

ஆறாவது வழி: பள்ளிக்கூடத்தைத் திறத்தல்

ஆசிரியர்களாகிய நாம் இந்தப் பகுதியைச் சற்று நின்று படிக்க வேண்டும். கெமர் ரூஜ் ஆட்சிக்குப் பிறகு கம்போடியாவின் ஆசிரியர்களில் பெரும்பான்மையோர் உயிரோடு இல்லை, அல்லது நாட்டில் இல்லை. நோம் பென்னில் ஓர் இடைநிலைப்பள்ளியைச் சிறைச்சாலையாக மாற்றியிருந்தார்கள். அதுதான் எஸ்-21 எனப்படும் துவோல் ஸ்லெங். அங்கே குறைந்தது 12,000 பேர் கொல்லப்பட்டார்கள். அதை நடத்திய டுச் என்பவன் முன்னாள் கணித ஆசிரியன்.

1979 செப்டம்பரில் பள்ளிகள் மறுபடியும் திறக்கப்பட்டன. புத்தகம் இல்லை, மேசை இல்லை, பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லை. அதிகம் தெரிந்தவர் குறைவாகத் தெரிந்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது, குறைவாகத் தெரிந்தவர் ஒன்றுமே தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பது என்பதே அன்றைய கொள்கை. ஒரு சில ஆண்டு படித்தவர்கள்கூட ஆசிரியரானார்கள். அந்த முதல் கல்வியாண்டிலேயே தொடக்கப்பள்ளி மாணவர் எண்ணிக்கை ஒரு மில்லியனை நெருங்கியது.

தரம் குறைவுதான், யாரும் மறுக்கவில்லை. ஆனாலும், பிள்ளைகள் காலையில் எழுந்து போக ஓர் இடம் இருந்தது. பெற்றோருக்கு, ‘நாளை என்று ஒன்று உண்டு’ என்ற எண்ணம் வந்தது. போருக்குப் பின் பள்ளிக்கூடம் திறப்பது வெறும் கல்விப் பணி அல்ல, நாட்டை நிலைப்படுத்தும் பணியும்தான்.

ஏழாவது வழி: ஆயுதம் களைதல், எதிரியைத் திரும்ப ஏற்றல்

1993 தேர்தலுக்குப் பிறகும் கெமர் ரூஜ் காட்டில் இருந்து சண்டையைத் தொடர்ந்தது. அரசு படையெடுத்தும் பார்த்தது, முடிக்க முடியவில்லை. பிறகு வேறு வழி எடுத்தது. ‘சரணடைந்தால் உயிருக்குப் பாதுகாப்பு, தொழிலுக்குப் பாதுகாப்பு, உடைமைக்குப் பாதுகாப்பு’ என்று மூன்று உறுதிகள். 1996இல் மூத்த தலைவர்களில் ஒருவரான இயெங் சாரி தன் ஆட்களோடு அரசின் பக்கம் வந்து, அரச மன்னிப்பும் பெற்றார். 1998 ஏப்ரலில் போல் போட் இறந்தார். அந்த ஆண்டு இறுதியில் நுவோன் சேயாவும் கியூ சம்பானும் சரணடைந்தார்கள். முப்பது ஆண்டுப் போர் முடிந்தது.

அடுத்து, மக்களிடம் புழங்கிய துப்பாக்கிகள் சேகரிக்கப்பட்டன. ஊர் மக்கள் முன்னிலையிலேயே அவற்றைக் குவித்து எரித்தார்கள். ஏன் பொதுவில்? ‘உன் துப்பாக்கி என்னிடம் பதுக்கி வைக்கப்படவில்லை, பார்’ என்று காட்டத்தான்.

பௌத்தத் துறவி மகா கோசானந்தாவையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1992இல் தாய்லாந்து எல்லையில் இருந்து நோம் பென் வரை, நாடு திரும்பும் அகதிகளோடு அவர் நடைப்பயணம் மேற்கொண்டார். அடுத்த ஆண்டு, தேர்தலுக்குச் சற்று முன்பு, சண்டை நடந்த பகுதிகள் வழியாகவே மீண்டும் நடந்தார். நீண்ட காலம் ஊர்விட்டு ஊர் போகவே அஞ்சிய மக்கள் சாலைக்கு வந்தார்கள். அரசும் படையும் செய்ய முடியாத ஒன்றை ஒரு நடைப்பயணம் செய்தது.

எட்டாவது வழி: நீதியும் நினைவும்

இப்போது அந்தக் கடினமான கேள்விக்கு வருவோம். கொலைகாரர்களுக்கு மன்னிப்பு கொடுத்து அமைதி வாங்குவது சரியா?

சரிதான் என்பவர்கள் சொல்வது: மன்னிக்காவிட்டால் அவர்கள் ஆயுதத்தைக் கீழே போட்டிருக்கமாட்டார்கள், இன்னும் ஆயிரக்கணக்கானோர் செத்திருப்பார்கள். சரியில்லை என்பவர்கள் சொல்வது: தன் பிள்ளையைக் கொன்றவன் அடுத்த தெருவில் நிம்மதியாகக் கடை நடத்துவதைப் பார்த்துக்கொண்டு ஒரு தாய் எப்படி வாழ்வாள்? அது அமைதியா, வாயடைப்பா? இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

கம்போடியா முதலில் அமைதியை எடுத்துக்கொண்டு, நீதியைப் பின்னால் தேடியது. ஐக்கிய நாடுகளோடு சேர்ந்து அமைத்த சிறப்பு நீதிமன்றம் 2006இல் பணியைத் தொடங்கியது. 2010இல் டுச் குற்றவாளி எனத் தீர்ப்பானது. மேல்முறையீட்டில் ஆயுள் தண்டனை. நுவோன் சேயாவும் கியூ சம்பானும் ஆயுள் தண்டனை பெற்றார்கள். மன்னிப்பு பெற்ற இயெங் சாரியும் கைதானார். ஆனால், தீர்ப்புக்கு முன்பே 2013இல் இறந்துவிட்டார். 2022இல் கடைசி மேல்முறையீடு முடிந்தது. இத்தனை ஆண்டில் தண்டனை பெற்றவர்கள் மூவர்தாம்! செலவோ 300 மில்லியன் டாலருக்கும் மேல். ‘மூன்று பேருக்கு இவ்வளவா?’ என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால், பாதிக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தில் எழுந்து நின்று தங்கள் கதையைச் சொன்னார்கள். அது பதிவானது. இனி யாரும் ‘அப்படி ஒன்று நடக்கவே இல்லை’ என்று சொல்ல முடியாது.

பள்ளிக்கும் இதில் பங்கு உண்டு. நீண்ட காலமாகக் கம்போடியப் பாடநூல்களில் இந்த வரலாறு சரியாக இடம்பெறவில்லை. கொன்றவர்களின் பிள்ளையும் கொல்லப்பட்டவர்களின் பேரனும் ஒரே வகுப்பில் இருக்கும்போது ஆசிரியர் என்ன சொல்லிக்கொடுப்பார்? 2007இல் கம்போடிய ஆவண மையம் கெமர் ரூஜ் ஆட்சி பற்றிய வரலாற்று நூலொன்றை வெளியிட்டது. 2009 முதல் அது பள்ளிகளுக்குச் சென்றது. ஆசிரியர்களுக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. சிறையாக மாறிய அந்தப் பள்ளிக்கூடம் இன்று அருங்காட்சியகம். 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலிலும் இடம்பெற்றது.

குறைகளையும் சொல்ல வேண்டும்

கம்போடியாவை ஒரு வெற்றிக் கதையாக மட்டும் எழுதினால் அது பாதி உண்மை. 1993 தேர்தலில் சிஹானூக்கின் மகன் ரணரித்தின் கட்சி 58 இடங்களும் ஹுன் செனின் கட்சி 51 இடங்களும் பெற்றன. தோற்றவர் விலக மறுக்கவே, ஒரே நாட்டுக்கு இரண்டு பிரதமர்கள்! ஒரே உறையில் இரண்டு வாள். 1997 ஜூலையில் இரு தரப்புப் படைகளும் தலைநகரிலேயே மோதின. ரணரித் பதவி இழந்தார். அதனால் அந்த ஆண்டு கம்போடியா ஆசியானில் சேர்வது தள்ளிப்போய், 1999 ஏப்ரல் 30இல்தான் சேர்ந்தது. 2017இல் முக்கிய எதிர்க்கட்சி நீதிமன்றத்தால் கலைக்கப்பட்டது. மறு ஆண்டுத் தேர்தலில் ஆளும் கட்சியே 125 இடங்களையும் வென்றது.

ஆக, துப்பாக்கிச் சத்தம் நின்றது உண்மை. பள்ளியும் வயலும் சந்தையும் மீண்டது உண்மை. மக்களாட்சி முழுமையாக வேரூன்றவில்லை என்பதும் உண்மை. 2025 ஜூலையில் தாய்லாந்துடன் எல்லை மோதல் வெடித்தபோது, ஆசியான் தலைமை நாடான மலேசியா புத்ராஜெயாவில் இரு தரப்பையும் அமரவைத்துப் போர்நிறுத்தம் பேச வேண்டியிருந்தது. அமைதி என்பது ஒருமுறை கட்டி முடித்துச் சாவி வாங்கும் வீடு இல்லை. கூரை ஒழுகுகிறதா என்று ஆண்டுதோறும் பார்க்க வேண்டிய வீடு.

தேர்வில் இதை எப்படிப் பயன்படுத்துவது?

எட்டு வழிகளையும் ஒரே கட்டுரையில் திணிக்காதீர்கள். மூன்றோ நான்கோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பத்தியிலும் நான்கு கேள்விக்குப் பதில் இருக்கட்டும்: என்ன சிக்கல்? என்ன செய்தார்கள்? அது எப்படி வேலை செய்தது? எது மிச்சமிருக்கிறது?

மாதிரிப் பத்தி ஒன்று:

‘போருக்குப் பின் மக்களின் வாழ்வாதாரத்தை மீட்பது அமைதியை நிலைநாட்டும் சிறந்த வழியாகும். கம்போடியாவில் கெமர் ரூஜ் ஆட்சியின்போது நாட்டு நெல் வகைகள் பல அழிந்தன. எனினும், போருக்கு முன்பே சேகரிக்கப்பட்ட 766 வகை நெல் விதைகள் பிலிப்பைன்சில் பாதுகாக்கப்பட்டிருந்தன. அவை 1980களில் உழவர்களிடம் திரும்பிச் சேரத் தொடங்கியதால், நாடு 1990களின் நடுப்பகுதியில் தன்னிறைவு கண்டது. வயிறு நிறைந்தவன் ஆயுதம் ஏந்தத் தயங்குவான். எனினும், கண்ணிவெடிகள் புதைந்த வயல்களில் இன்றும் உழவு தொடங்கவில்லை என்பது கவலைக்குரியது.’

ஆறே வாக்கியம்தான். நான்கு கேள்விக்கும் பதில் இருக்கிறதா என்று நீங்களே சரிபாருங்கள்.

சொல்லில் கவனிக்க வேண்டியவை:

1. ‘கண்ணிவெடி’ என்பதே சரி. ‘கன்னிவெடி’ என்று எழுதினால் பொருளே மாறிவிடும். கண்ணி என்றால் பொறி, வலை.

2. ‘கூட்டணி அரசு’ வேறு, ‘கூட்டாட்சி’ வேறு. கட்சிகள் சேர்ந்து அமைப்பது கூட்டணி அரசு. மாநிலங்கள் இணைந்த அமைப்பு கூட்டாட்சி. மலேசியா ஒரு கூட்டாட்சி. 1993இல் கம்போடியாவில் அமைந்தது கூட்டணி அரசு.

3. ‘போர்நிறுத்தம்’ என்பது சண்டையை நிறுத்துவது மட்டும். ‘அமைதி உடன்படிக்கை’ அதற்குப் பிறகு எப்படி வாழ்வது என்பதைச் சொல்வது. இரண்டையும் ஒன்றாக எழுதாதீர்கள்.

4. ‘மன்னிப்பு’ தனி ஒருவருக்கு. ‘பொதுமன்னிப்பு’ ஒரு கூட்டத்தார் அனைவருக்கும்.

ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. வகுப்பை நான்கு குழுவாகப் பிரித்து, கம்போடியாவின் நான்கு தரப்பாக உட்கார வையுங்கள். ‘உங்கள் தரப்பு விட்டுக்கொடுக்க முடியாதது ஒன்று, விட்டுக்கொடுக்கக் கூடியது ஒன்று’ என்று எழுதச் சொல்லுங்கள். பிறகு பதினைந்து நிமிடம் பேசவிடுங்கள். கெமர் ரூஜாக உட்காரும் குழுவுக்கு, அந்தத் தரப்பு செய்ததை முன்கூட்டியே விளக்கிவிடுவது நல்லது. இது விளையாட்டாகிவிடக் கூடாது. பேச்சு முடிந்ததும் ஐந்தாவது கேள்வி கேளுங்கள்: ‘இந்த மேசையில் யாருக்கு நாற்காலியே இல்லை?’ அகதிகள், தாய்மார்கள், ஊனமுற்றோர் என்று பதில் வரும். கட்டுரையின் நல்ல கருத்துகள் அங்கேதான் பிறக்கும்.

பயிற்சிக்கு இரண்டு தலைப்புகள்:

அ. போரால் சிதைந்த நாட்டை மீட்டெடுப்பதில் கல்வியின் பங்கு. (250 சொற்களுக்குக் குறையாமல்)

ஆ. ‘நீதி இல்லாத அமைதி நிலைக்காது.’ இக்கூற்றை ஏற்கிறீர்களா? விவாதித்து எழுதுக.

இரண்டாவது தலைப்புக்கு ‘ஆம்’ என்றும் எழுதலாம், ‘இல்லை’ என்றும் எழுதலாம். எந்தப் பக்கம் எழுதினாலும், அடுத்த தெருவில் அந்தக் கடையைத் தினமும் கடந்துபோகும் தாய்க்கு உங்கள் கட்டுரை என்ன பதில் சொல்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டுத் தாளைக் கொடுங்கள்.